பேட்டரி செத்த ரெய்டு கார்டை அதட்டி ஓட்டாதீர்கள்

பினாங்கில் சர்வர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறான வட்டைப் பிடுங்காதே, நகல் எடுத்து வை, கடவுச்சொல்லை ஒட்டி வைக்காதே. பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் ரெய்டு கார்டோடு சேர்ந்திருக்கும் சின்ன பேட்டரியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் காலத்துக் கூத்தை இவர்களும் ஆடுகிறார்கள்.

'எப்போதும் ரைட் பேக்' என்று மாற்றுவது

ரைட் பேக் முறையில், எழுத வந்த தரவைக் கார்டு தன் கேச் என்கிற தற்காலிக நினைவகத்தில் வாங்கிக்கொண்டதுமே, "எழுதியாயிற்று" என்று சொல்லிவிடும். வட்டில் பதிவது பிறகுதான். ரைட் பேக்கின் வேகம் முழுவதும் இந்தப் பொய்யில்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் பொய்யைக் காப்பாற்றுவது பேட்டரி. அது பழுதானால், கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு இறங்கி, வட்டில் பதிந்த பிறகே பதில் சொல்லும். சர்வர் நொண்டும்.

பாயான் லெப்பாஸில் ஒரு சரக்கு நிறுவனம். மாதக் கடைசி, கணக்குப் பிரிவில் ஒரே கூச்சல். "அண்ணே, ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்றினேன், இப்போது பறக்கிறது" என்றான் அங்கிருந்த தம்பி. பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரைட் பேக் என்கிற அமைப்பு அது. பேட்டரி வாங்கும் பேச்சும் அத்தோடு நின்றது. நன்றாக ஓடும் சர்வருக்கு எந்த முதலாளி பணம் தருவார்?

"யூபிஎஸ் இருக்கிறதே" என்பார்கள். அங்கும் இருந்தது, ஒரு குறையும் இல்லாமல். புகைந்தது சர்வரின் பவர் சப்ளை. புதியதை மாட்டி எழுப்பினால் எல்லா வட்டிலும் பச்சை விளக்கு, ரெய்டின் நிலை 'ஆப்டிமல்'. தரவுத்தளம் மட்டும் திறக்கவில்லை. பதிந்ததாக அது நம்பியிருந்த பக்கங்கள் கேச்சோடு போயிருந்தன. சில பக்கங்கள் புதியவை, சில பழையவை. முந்தைய இரவின் நகலை மீட்ட பிறகு, அன்றைய விலைப்பட்டியல்களைக் கிளார்க்குகள் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டினார்கள்.

எனக்கு இன்னும் ஆத்திரம் தருவது வேறு. கார்டு தன் பதிவேட்டில் எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது. அலறிய பசரை அணைத்ததும் அதே தம்பிதான்.

பேட்டரி வரும்வரை மந்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய அறிக்கைகளை இரவுக்குத் தள்ளுங்கள். ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதை முதலாளிக்கு எழுத்தில் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு பில் பாஸ் ஆகாது.

மாதாமாதம் வரும் மந்தத்தைப் பழுது என்று எண்ணுவது

பழைய லித்தியம் அயான் பேட்டரிகளின் கொள்ளளவை அளக்க, கார்டு அவ்வப்போது அவற்றை வடித்து மீண்டும் நிரப்பும். பல கார்டுகளில் இது ஏறத்தாழ மாதம் ஒருமுறை நடக்கும், சில மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் ரைட் த்ரூவுக்கு இறங்கும் கார்டுகளும் உண்டு. நேரத்தை மாற்ற முடிந்தால் ஞாயிறு விடியற்காலைக்கு வையுங்கள். சம்பள நாளில் வந்து நின்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

72 மணி நேரத்தை நம்புவது

மின்சாரம் போன பிறகு பேட்டரி கேச்சை 72 மணி நேரம் காக்கும் என்பது புது பேட்டரிக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. நம் ஊர் வெக்கையில், குளிர்சாதனம் பாதி வேலை செய்யும் அறையில் சில ஆண்டுகள் கிடந்ததற்குப் பொருந்தாது. சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாலை சர்வர் விழுந்து, விடுமுறை முடிந்துதான் கடை திறக்கிறீர்கள் என்றால் புது பேட்டரியே தாங்காமல் போகலாம். சூப்பர் கெபாசிட்டர் உள்ள கார்டுகளில் இந்தத் தலைவலி இல்லை: மின்சாரம் போனதும் கேச்சில் உள்ளதை ஃபிளாஷ் நினைவகத்துக்கு நகலெடுத்துவிடும், பிறகு எத்தனை நாளானாலும் பரவாயில்லை. புதிதாக வாங்குவதாக இருந்தால் அதையே கேளுங்கள்.

வட்டின் சொந்த கேச்

அணைத்து வையுங்கள். கார்டின் பேட்டரி அதைக் காக்காது.

உப்பிய பேட்டரி

குத்தாதீர்கள், குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.