உயில் வழி வந்த டிரஸ்ட் பணத்தில் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டுவது எப்படி?

நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள். தாத்தா உயிலில் எழுதிவைத்த பணம் ஒரு டிரஸ்டில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

முதலில் உயிலின் நகலைக் கேளுங்கள். பெரும்பாலும் பெரியப்பாவோ மாமாவோதான் டிரஸ்டியாக, அதாவது உங்களுக்காக அந்தப் பணத்தை நிர்வகிப்பவராக, இருப்பார். சொந்தக்காரரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். கணக்கு வைத்திருப்பதும் கேட்டால் காட்டுவதும் டிரஸ்டியின் கடமை.

அடுத்து, எந்த வயதில் பணம் கைக்கு வரும் என்று பாருங்கள். சிங்கப்பூரில் 18 வயதில் பெரும்பாலான ஒப்பந்தங்களில் கையெழுத்திடலாம். ஆனால் சட்டப்படி மேஜர் ஆவது 21 வயதில்தான். உயிலில் 25 என்றுகூட எழுதியிருக்கலாம். கட்டாயத் தேசிய சேவை முடித்துவிட்டு வரும் பையன்கள் ஏறக்குறைய 21 வயதில் படிப்பைத் தொடங்குகிறார்கள். 19 வயதிலேயே சேரும் பெண்களுக்குத்தான் இந்த இடைவெளி பெரிய தலைவலி.

அதற்கும் வழி உண்டு. டிரஸ்டிகள் சட்டத்தின் 33ஆம் பிரிவுப்படி, மைனரின் பங்கிலிருந்து வரும் வருமானத்தை அவர் படிப்புக்கு டிரஸ்டி செலவிடலாம். 34ஆம் பிரிவுப்படி, அசல் தொகையிலிருந்தே உங்கள் பங்கில் பாதிவரை முன்கூட்டிக் கொடுக்கலாம். பிறகு அது பங்கில் கழிக்கப்படும். உயிலில் வேறுவிதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும். பாட்டிக்கு ஆயுள்வரை வருமானம் என்று எழுதியிருந்தால், அசலைத் தொட அவருடைய எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். இரண்டுமே டிரஸ்டியின் விருப்புரிமை என்பதால், நீங்கள் கேட்கும் விதம் மிக முக்கியம்.

வாயால் கேட்காமல் கடிதம் எழுதுங்கள். சேர்க்கைக் கடிதம், பருவவாரியான கட்டண விவரம், விடுதிச் செலவு எல்லாவற்றையும் இணையுங்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாகச் செலுத்தும்படி கேளுங்கள். தயங்கும் டிரஸ்டியும் இதற்கு எளிதில் இசைவார். உங்கள் பெயரில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கில் (PSEA) பணம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். முதலில் அதைச் செலவிடுவதே நல்லது என்பேன்.

தாத்தாவின் மத்திய சேமநிதிப் (CPF) பணம் உயிலுக்குள் வராது. அந்தப் பணத்தைப் பெறும் நியமனதாரராக உங்களை அவர் எழுதியிருந்து நீங்கள் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், பப்ளிக் டிரஸ்டி அலுவலகம் அதை வைத்திருக்கும். படிப்புச் செலவுக்கு அங்கிருந்து எடுக்கப் பெற்றோரோ பாதுகாவலரோ விண்ணப்பிக்கலாம். மரணவரியை நினைத்துக் கவலை வேண்டாம்: 15 பிப்ரவரி 2008 முதல் நேர்ந்த மரணங்களுக்கு அது கிடையாது.

டிரஸ்டி மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தையும் உயில் நகலையும் எடுத்துக்கொண்டு சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குச் செல்லுங்கள். வழக்குக்குப் போவது கடைசி வழி; அதன் செலவு டிரஸ்ட் பணத்தையே கரைத்துவிடலாம்.

பணம் கிடைத்தால், ஒவ்வொரு பருவத்தின் ரசீதையும் டிரஸ்டிக்கு அனுப்பிவிட்டு அடுத்த பருவத்துக்கான கடிதத்தை எழுதுங்கள்.