பழைய பந்து மவுஸிலிருந்து மோட்டாருக்கு ஒரு என்கோடர்

சாதாரண டிசி மோட்டாருக்கு கரண்ட் கொடுத்தால் சுற்றும். எத்தனை சுற்று சுற்றியது, எந்தப் பக்கம் சுற்றியது என்று ஆர்டுயினோவுக்கு (நாம் நிரல் எழுதி இயக்கும் சிறு கன்ட்ரோலர் போர்டு) தெரிய வேண்டுமென்றால் என்கோடர் வேண்டும். அடியில் பந்து உருளும் பழைய மவுஸ் ஒன்று இருந்தால், அதற்குள்ளேயே இரண்டு என்கோடர் இருக்கின்றன.

ஸ்க்ரோல் வீலில் இருப்பதை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் உலோகம் உரசி வேலை செய்யும் வகை. கையால் திருப்பும் குமிழுக்குச் சரி. மோட்டாரில் மாட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

1. உள்ளே பாருங்கள். மவுஸைத் திறந்தால், பந்தைத் தொட்டபடி இரண்டு உருளைகள். ஒவ்வொன்றின் நுனியிலும் விளிம்பு முழுக்கப் பிளவுகள் கொண்ட சிறு சக்கரம். அதன் ஒரு பக்கம் இரண்டு கால் அகச்சிவப்பு எல்இடி, மறுபக்கம் மூன்று கால் சென்சார். அந்தச் சென்சாருக்குள், ஒளி பட்டால் கரண்டைக் கடத்தும் இரண்டு போட்டோ டிரான்சிஸ்டர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பிளவு வழியாக வரும் ஒளி ஒன்றில் முதலில் படும், மற்றதில் சற்றுப் பிந்திப் படும். எது முந்துகிறது என்பதை வைத்துத்தான் திசையைக் கண்டுபிடிக்கிறோம்.

2. போர்டோடு வெட்டியெடுங்கள். எல்இடியையும் சென்சாரையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டாம். அவை சரியாக எதிரெதிரே நிற்பதில்தான் எல்லாமே இருக்கிறது; கழற்றினால் அதே இடத்தில் திரும்ப நிறுத்துவது பெரும்பாடு. அந்தத் துண்டை மட்டும் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுங்கள். மவுஸ் ஐசிக்குப் போகும் தடங்கள் அறுந்துவிட்டனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வயரிங். எல்இடிக்கு 330 ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட். சுமார் 11 மில்லி ஆம்பியர் ஓடும். சென்சாரின் பொதுக்கால் 5 வோல்ட்டுக்கு. பெரும்பாலும் நடுக்கால்தான் பொது. அறுப்பதற்கு முன்பே போர்டில் தடத்தைப் பின்தொடர்ந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்ற இரண்டு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதே கால்களிலிருந்து ஆர்டுயினோ ஊனோவின் 2, 3 பின்களுக்கு வயர். இந்த இரண்டில்தான் வெளி இன்டரப்ட் வசதி இருக்கிறது; அதாவது பின்னில் சிக்னல் மாறிய உடனே, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கும்.

4. சோதனை. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. ஃபோனின் முன்கேமராவில் பார்த்தால் பொதுவாக வெளிர் ஊதாவாகத் தெரியும். மல்டிமீட்டரை ஒரு சிக்னல் காலில் வைத்து, சக்கரத்தை நகத்தால் மெல்ல நகர்த்துங்கள். பிளவு வரும்போது 3 வோல்ட்டுக்கு மேல் ஏறி, மறையும்போது 1.5க்குக் கீழே இறங்க வேண்டும். ஏறவில்லையென்றால் 10 கிலோ ஓமுக்குப் பதில் 47 கிலோ ஓம் போட்டுப் பாருங்கள். இறங்கவில்லையென்றால் வெளிச்சம் கசிகிறது. கறுப்பு டேப்பால் மூடுங்கள்.

5. நிரல். 2-ஆம் பின் மாறும்போதெல்லாம் இன்டரப்ட் வரட்டும். அப்போது 3-ஆம் பின்னைப் படியுங்கள். இரண்டும் ஒரே நிலையில் இருந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுங்கள், வேறாக இருந்தால் ஒன்று கழியுங்கள். ஒரு பிளவுக்கு இரண்டு எண்ணிக்கை கிடைக்கும். சக்கரத்தில் 36 பிளவு, மோட்டார் வேகம் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் விநாடிக்கு 3600 எண்ணிக்கை. ஊனோ தாராளமாகச் சமாளிக்கும். முக்கியமான ஒன்று: எண்ணிக்கை 4 பைட் மாறி என்பதால், அதைப் படிக்கும் கணத்தில் இன்டரப்டை நிறுத்திவிட்டுப் படியுங்கள். இல்லையென்றால் பாதி பழைய எண்ணும் பாதி புதிய எண்ணுமாகக் கலந்து வரும்.

6. பொருத்துதல். பிளவுச் சக்கரத்தை மோட்டார் ஷாஃப்டில் மாட்டும்போது இரண்டின் மையமும் ஒத்துப்போக வேண்டும். ஆடினால் சில பிளவுகள் தவறிப்போகும். கியர்பாக்ஸ் உள்ள மோட்டாரில், பின்பக்கம் ஷாஃப்ட் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேயே மாட்டுங்கள். கியர் விகிதம் 48க்கு 1 என்றால், வெளி ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு 48 மடங்கு எண்ணிக்கை கிடைக்கும். மோட்டாருக்குத் தனி பவர் சப்ளை கொடுத்து, கிரவுண்டை மட்டும் ஆர்டுயினோவோடு சேர்த்துவிடுங்கள்.