புகலிடம் கோரி வந்தவரிடம் ‘எந்த ஊர்?’ என்று கேட்பதற்கு முன்

இங்கிலாந்தின் சிறு நகரமொன்றில் பழைய ஹோட்டலோ வரிசை வீடுகளில் ஒன்றோ புகலிடக் கோரிக்கையாளர்களுக்கென்று எடுக்கப்பட்டால், எவரும் முறையாக அறிவிப்பதற்கு முன்பே செய்தி தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தைத் தொடர்ந்து, கோரிக்கையாளர்களை நாடெங்கும் பரவலாகக் குடியமர்த்தும் முறை 2000 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த ஊரில் இருப்பது என்பதை வருகிறவர் தெரிவு செய்வதில்லை. அப்படியொரு தெருவில் வசிக்கும் தமிழருக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன். வந்திருப்பவர் எரித்திரியராயினும் ஆப்கானியராயினும் நம்மவராயினும் அயலவர் செய்ய வேண்டியவை பெரும்பாலும் ஒன்றே. நம்மவராக இருந்தால் மட்டும் கூடுதலாக ஒரு கவனம் தேவைப்படுகிறது.

இலங்கைத் தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி “ஊரில எவடம்?” என்பதுதான். அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் சாதியும் குடும்பமும் போர்க்காலத்தில் யாருடைய கட்டுப்பாட்டில் இருந்தார் என்பதும் அடங்கியிருப்பது, கேட்பவரைவிடப் பதில் சொல்ல வேண்டியவருக்கு நன்றாகத் தெரியும். புகலிடம் கோரி வந்தவர்களுக்காக நாங்கள் வாரந்தோறும் நடத்தும் தேநீர்ச் சந்திப்புக்கு ஏழெட்டு வாரங்கள் தவறாமல் வந்துகொண்டிருந்த ஓர் இளைஞர், பெரியவர் ஒருவர் இந்தக் கேள்வியை இரண்டாவது முறை கேட்ட நாளுக்குப் பிறகு வரவே இல்லை. அன்றிலிருந்து “சாப்பிட்டீங்களா?” என்பதைத் தாண்டி நாங்களாக எதையும் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறோம். வந்த வழி, வழக்கு, குடும்பம் ஆகியவற்றை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கேட்டதை வீட்டிலும் சொல்லக்கூடாது. அதே காரணத்தால், மொழிபெயர்க்க அவருடைய நாட்டவரையே அழைத்து வருவதற்கு முன் அவரிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். சந்திப்பில் எடுத்த படங்களை முகநூலில் போடுவது அறவே கூடாது, ஏனெனில் அந்தப் படம் ஊரில் யார் கண்ணில் படும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

சந்திப்பு என்பதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. தேவாலய மண்டபமோ நூலக அறையோ, வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், தேநீர், சீனி தனியாக, கதவருகே சிரிக்கத் தெரிந்த ஒருவர். இவ்வளவு போதும். மழை பெய்தாலும், வருகிறவர் இருவரே ஆனாலும் கதவு திறந்திருக்க வேண்டும்; மூன்று வாரம் நடத்தி நான்காம் வாரம் பூட்டிக் கிடக்கும் மண்டபத்தைவிட ஆரம்பிக்காத மண்டபமே மேல். வாசலில் பெயர்ப் பதிவு வைக்காதீர்கள். கையொப்பமிடுவது என்றாலே உள்துறை அமைச்சான ஹோம் ஒபிஸுக்குத் தவறாமல் நேரில் போய்ச் ‘சைன் வைப்ப’துதான் அவர்கள் நினைவுக்கு வரும். குழந்தைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்தால், அதில் ஈடுபடுகிறவர்களுக்குக் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பை முன்கூட்டியே செய்துவிட வேண்டும்.

அயலவர் முதலில் தூக்கிக்கொண்டு வருவது உடுப்பு மூட்டையைத்தான். எங்களுக்கு வந்த முதல் மூட்டையில் இரண்டு பட்டுச் சேலைகள் இருந்தன. உடுப்பு தேவைதான், ஆனால் கணக்குப் பார்த்தால் பெரிய தட்டுப்பாடு போக்குவரத்தில் இருக்கிறது. தாமே சமைத்துக்கொள்ளும் தங்குமிடத்தில் இருப்பவருக்கு 2024 ஜனவரியில் நிர்ணயித்தபடி வாரந்தோறும் ஒருவருக்கு 49.18 பவுண்டு, அரசு தரும் பண அட்டையான ஆஸ்பென் அட்டையில் வரவு வைக்கப்படுகிறது. உணவு தரும் ஹோட்டலில் இருப்பவருக்கு அதில் சிறு பகுதியே கிடைக்கும். லண்டனுக்கு வெளியே பேருந்தின் ஒருவழிக் கட்டண உச்சவரம்பு 2025 முதல் 3 பவுண்டு. வாரத்தில் இரண்டு நாள் ஆங்கில வகுப்புக்குப் போய்வர 12 பவுண்டு ஆகிவிடும் என்றால், சாப்பாடு, சவர்க்காரம், போன் எல்லாவற்றுக்குமான தொகையில் ஏறத்தாழக் கால்வாசி வீதியிலேயே போய்விடுகிறது. ஆகவே பஸ் டிக்கெட்டுகளும் பழுதுபார்த்த சைக்கிளும் தரவு ஏற்றிய சிம் அட்டையும் சேகரியுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அதை அவர் ஹோம் ஒபிஸுக்குத் தெரிவிக்க வேண்டிய சிக்கல் வருமென்பதால், உதவியைப் பொருளாகத் தருவதே அவருக்குப் பாதுகாப்பு.

இங்கிலாந்தில் அரசு நிதியுடன் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர, பெரியவர்கள் பொதுவாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஆறு மாதத்தை நிரப்புவதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்தான் வேண்டுமென்பதில்லை. மருத்துவரிடம் வலியைச் சொல்லத் தெரிந்த எவரும் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஜி.பி.யிடம், அதாவது குடும்ப மருத்துவரிடம், பதிவு செய்ய அடையாள ஆவணமோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. இது தெரியாத வரவேற்பாளர்கள் இருக்கிறார்கள் என்பதால், முதல் தடவை ஒருவர் கூடப் போவது நல்லது.

நாங்கள் அதிகமாகச் செய்யும் வேலை கடிதம் வாசிப்பது. எட்டாக மடித்து, நெஞ்சுப் பையில் மூன்று வாரம் கிடந்து, மடிப்புகள் கிழியத் தொடங்கிய ஒரு கடிதத்தைப் பெண்ணொருவர் மேசையில் விரித்தார். அதில் குறித்திருந்த சந்திப்பு நாள் முந்தின செவ்வாய்க்கிழமை. அதை முதல் நாளே யாராவது வாசித்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும். கடிதத்தில் உள்ளதைச் சொல்லலாம், தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டுக் கொடுக்கலாம், அவருடைய வழக்கறிஞரான சொலிசிட்டரை அழைக்கலாம், தங்குமிடக் குறைபாடுகளுக்கு புகலிடக் கோரிக்கையாளருக்கு உதவும் மைக்ரன்ட் ஹெல்ப் அமைப்பின் 24 மணிநேர இலவசத் தொலைபேசியில் கூட இருந்து பேசலாம். அதற்கு மேல் போகக்கூடாது. தகுதிப் பதிவு இல்லாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது, இலவசமாக வழங்கினாலும், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். “இன்டர்வியூவில இப்படிச் சொல்லும்” என்று அனுபவசாலி ஒருவர் சொல்லிக்கொடுத்த ஒரு வரி, உண்மையான வழக்கையே பொய்யாகத் தோன்றச் செய்துவிடும். புகலிட வழக்குகளுக்கு இங்கிலாந்தில் அரசின் சட்ட உதவி உண்டு. நம் வேலை அந்த வாசல் வரை கூட்டிச் செல்வதுதான்.

நம்மவர்கள் தவறும் இன்னோர் இடம் கடை. “சும்மாதானே இருக்கிறார், கடையில் வந்து நிற்கட்டும்” என்பது இரக்கமாகத் தோன்றலாம், ஆனால் அனுமதியின்றி வேலைக்கு அமர்த்தினால் 2024 பெப்ரவரியிலிருந்து முதலாளிக்கு முதல் தடவையிலேயே ஓராளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். பாதிப்பு அவருடைய வழக்குக்கும் போகும். முடிவுக்காக 12 மாதங்களுக்கு மேல் காத்திருப்பவர் மட்டுமே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், அதுவும் குறிப்பிட்ட தொழில்களுக்கு. ஆனால் அறப்பணி நிறுவனத்தில் தொண்டராக இருப்பதற்குத் தடையில்லை. எங்கள் சமையலறையில் இன்று பெரிய சட்டியைக் கிளறுகிறவர்களில் பாதிப்பேர் முதலில் சாப்பிட வந்தவர்கள். எப்போதும் வாங்கிக்கொண்டே இருப்பது மனிதருக்குக் கூச்சமாக இருக்கும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

அயலில் எதிர்ப்பும் இருக்கும். 2024 ஆகஸ்ட் 4ஆம் திகதி ரொதரம் அருகே மன்வெர்ஸில் புகலிடக் கோரிக்கையாளர்கள் உள்ளே இருக்கும்போதே அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலைக் கும்பலொன்று தாக்கித் தீ வைக்க முயன்றதை எவரும் மறக்கவில்லை. எனவே பக்கத்து வீட்டுக்காரரிடம் முதல் மாதமே போய்ப் பேசிவிடுங்கள். வாகன நிறுத்தம், குப்பைத் தொட்டி பற்றிய அவருடைய குறைகளையும் பொறுமையாகக் கேளுங்கள்.

அகதி அந்தஸ்து கிடைத்த நாளில் எல்லோரும் கேக் வெட்டுகிறார்கள். உண்மையில் மிகவும் ஆள்பலம் தேவைப்படும் நாள் அதுவே. வழமையான விதிப்படி 28 நாட்களில் தங்குமிடமும் உதவித்தொகையும் நின்றுவிடும். இந்தக் கால அளவு இடையில் மாற்றப்பட்டும் இருப்பதால் கடிதத்திலுள்ள தேதியையே நம்ப வேண்டும். அரசின் பொது உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டின் முதல் தொகை கைக்கு வர ஐந்து வாரம், அதாவது 35 நாட்கள் ஆகும். ஆகவே கேக்கைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொண்டு, கடிதம் வந்த அன்றே மூன்று வேலைகளைப் பகிர்ந்துகொள்ளுங்கள்: ஒருவர் குடிவரவு அந்தஸ்தை இணையத்தில் காட்டும் மின்விசாவுக்கான கணக்கைத் திறந்து கொடுப்பது, ஒருவர் யுனிவர்சல் கிரெடிட் விண்ணப்பத்தையும் முன்பணக் கோரிக்கையையும் கூட இருந்து நிரப்புவது, ஒருவர் அந்தக் கடிதத்துடன் உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குப் போவது. 56 நாட்களுக்குள் வீடிழக்கப்போகிறவருக்கு உதவும் கடமை கவுன்சிலுக்குச் சட்டப்படி இருப்பதால், தங்குமிடத்திலிருந்து வெளியேறும் நாள் வரை காத்திராமல் அன்றே போய், போனதற்கான பதிவை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.