எம்.எம்.ஏ.வில் இறங்கும் வடசென்னைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இந்தத் தெருக்களில் கிளவுஸ் மாட்டிய குடும்பங்கள் இருக்கின்றன. இப்போது அதே பிள்ளைகள் குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த கூண்டுச் சண்டையான எம்.எம்.ஏ. பக்கம் வருகிறார்கள். தைரியத்துக்கும் கைவேகத்துக்கும் குறைவே இல்லை. ஆனால் நல்ல உடம்பையும் நல்ல ரெக்கார்டையும் (வெற்றி தோல்விக் கணக்கு) முதல் இரண்டு மூன்று வருஷத்திலேயே செலவழித்துவிட்டு, உண்மையான வாய்ப்பு வரும்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்பவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. காரணம் பெரும்பாலும் அவசரம்தான்.

முதலாவது, "எனக்கு பாக்ஸிங் தெரியும், அது போதும்" என்ற நினைப்பு. குத்துச்சண்டையில் பழகியவர் முன்காலில் பாரத்தை ஏற்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பார். எம்.எம்.ஏ.வில் அப்படி நின்றால் முன்காலின் கெண்டைச்சதை எதிராளிக்குத் திறந்து கிடக்கும். முட்டிக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், ஒரு நரம்பு எலும்பை ஒட்டி மேலாக ஓடுகிறது. அந்த இடத்தில் இரண்டு மூன்று உதை சரியாக விழுந்தால் பாதத்தைத் தூக்க முடியாது, கால் மடங்கும். அப்புறம் கை எவ்வளவு வேகமாக இருந்து என்ன பயன்?

கிளவுஸும் வேறு. பாக்ஸிங் ஸ்பாரிங்கில் (பயிற்சி மோதலில்) 14, 16 அவுன்ஸ் கிளவுஸை முகத்துக்கு முன்னால் பிடித்து அடியைத் தாங்கிக்கொள்ளலாம். எம்.எம்.ஏ. கிளவுஸ் 4 அவுன்ஸ்தான். அதே பாணியில் முகத்தை மூடினால் இடுக்கு வழியாகக் குத்து உள்ளே வந்துவிடும். குத்துக்கு இடுப்பை வளைத்துக் குனிந்தால் முழங்கால் காத்திருக்கிறது, இல்லையென்றால் கழுத்து, முன்னாலிருந்து கையால் நெரிக்கும் கில்லட்டின் பிடியில் மாட்டுகிறது. இந்தியாவிலிருந்து முதன்முதலாக, உலகின் பெரிய எம்.எம்.ஏ. அமைப்பான யு.எஃப்.சி.க்குப் போன பரத் கண்டாரே 2017 நவம்பரில் ஷாங்காயில் தோற்றது இந்தப் பிடியில்தான், அதுவும் முதல் ரவுண்டிலேயே. கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார் என்ற பழக்கமும் இங்கே கைகொடுக்காது. பிடித்தவன் தூக்கிக் கீழே போடுவான்.

ஆகவே கைவேகத்தை நம்பி ஆறே மாதத்தில் கூண்டுக்குள் ஏறாதீர்கள். குறைந்தது ஒன்றிரண்டு வருஷம் மல்யுத்தம், ஜூடோ, ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்துப் பூட்டும் கலை) இவற்றில் ஏதாவது ஒன்றில் மேட்டிலேயே (பயிற்சி மெத்தையிலேயே) கிடந்து பழகுங்கள். கீழே விழுந்தால் எழுவது எப்படி என்பதை மட்டும் மாதக்கணக்கில் செய்தாலும் தகும். நம் பக்கத்தில் இதைச் சொல்லித்தரும் மாஸ்டர்கள் பாக்ஸிங் அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பஸ் ஏறி ஊரின் அடுத்த கோடிக்குப் போக வேண்டியிருந்தாலும் போய்விட்டு வாருங்கள்.

எடை குறைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும். 70.3 கிலோ பிரிவில் ஆட வேண்டியவர், "அங்கே ஆள் பெரிசா இருப்பான்" என்று 65.8 கிலோவுக்கு இறங்குவார். கடைசி இரண்டு நாளில் தண்ணீரை நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடுவார். நம் ஊரில் இது மற்ற இடங்களைவிட ஆபத்து. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் காயாது, காயாவிட்டால் உடம்புச் சூடு இறங்காது. அதன் மேல் பிளாஸ்டிக் கோட்டு வேறு. கத்திரி வெயிலில் இதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். 2015 டிசம்பரில் மணிலாவில் 'ஒன் சாம்பியன்ஷிப்' என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் போட்டிக்காக எடை குறைத்த சீன வீரர் யாங் ஜியான் பிங் இறந்தே போனார். வயது 21. அதற்குப் பிறகுதான் அந்த அமைப்பு உடம்பில் நீர்ச்சத்து இருக்கிறதா என்று சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது.

யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் சிறுநீர் போகிற மாத்திரை வாங்கிப் போடுவது இன்னொரு கொடுமை. அவை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சோதனையில் சிக்கினால் வருஷக்கணக்கில் தடை. சிக்காவிட்டால் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாகும். எடையைக் குறைப்பதென்றால் எட்டு, பத்து வாரத்துக்கு முன்பே சாப்பாட்டில் குறையுங்கள். அதிலும் வராத எடை உங்கள் எடை அல்ல, மேல் பிரிவில் ஆடுங்கள்.

ஸ்பாரிங்கில் தினமும் போட்டி மாதிரி அடித்துக்கொள்வதை வீரம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. ஜிம்மில் வாங்கும் அடி எந்த ரெக்கார்டிலும் ஏறாது, மண்டையில் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். யு.எஃப்.சி. சாம்பியனாக இருந்த மேக்ஸ் ஹாலோவே 2020-இல் ஸ்பாரிங்கே செய்யாமல் ஒரு பட்டப் போட்டிக்குத் தயாரானார். அந்த அளவுக்குப் போக வேண்டாம். வாரத்தில் ஒருநாள் கனமாக, மற்ற நாட்களில் தொட்டு விளையாடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும். ஒழுங்காக நடத்தப்படும் போட்டியில் நாக்-அவுட் ஆனவருக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் என்று மருத்துவத் தடை போடுவார்கள். ஜிம்மில் மயங்கி விழுந்தால் அப்படித் தடை போட ஆளில்லை. மறுநாளே கிளவுஸ் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். தலைவலி, வாந்தி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, நடந்தது நினைவில்லாமை எதுவாக இருந்தாலும் ஸ்டான்லியோ பெரியாஸ்பத்திரியோ அன்றைக்கே போங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் மூளை அதிர்ந்திருக்கலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

படர்தாமரையையும் சொல்லியாக வேண்டும். வியர்வையும் ஈர மேட்டும் சேர்ந்தால் அது வராமல் இருக்காது. கடையில் கேட்டு வாங்கும் பல கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். நாலு நாளில் அரிப்பு நிற்கும், அப்புறம் உடம்பெல்லாம் பரவும். தோல் டாக்டரிடம் போங்கள், ஆறும்வரை மேட்டில் இறங்காதீர்கள். போட்டிக்கு முந்தைய பரிசோதனையில் பார்த்தால் ஆட்டத்தையே ரத்து செய்துவிடுவார்கள்.

ரெக்கார்டு விஷயத்தில் நம் பிள்ளைகள் ரொம்ப வெள்ளந்தி. "அடுத்த வாரம் ஒரு ஃபைட் இருக்கு, ஆள் வரல, நீ வர்றியா?" என்று போன் வந்தால் சரி என்று கிளம்பிவிடுகிறார்கள். எதிராளி யார், என்ன எடை, டாக்டர் இருப்பாரா, எதுவும் கேட்பதில்லை. நாலு தோல்வியோடு தொழில்முறை ரெக்கார்டைத் தொடங்கிவிட்டால் பெரிய அமைப்புகள் வீடியோவைக்கூடப் பார்க்காது. முதலில் அமெச்சூரில் ஆடுங்கள். உலக அமெச்சூர் கூட்டமைப்பின் விதிகளில் மூன்று நிமிட ரவுண்டு மூன்று, முழங்கைக்குத் தடை, காலுக்குப் பாதுகாப்பு உறை உண்டு. அங்கே தோற்றால் பாடம், தொழில்முறையில் தோற்றால் அது கூடவே வரும்.

பணமும் காகிதமும் அடுத்தது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்காகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டி நாலு விஷயம் கேளுங்கள்: ஆடினால் எவ்வளவு, ஜெயித்தால் கூட எவ்வளவு, எத்தனை மாதம் வேறெங்கும் ஆடக்கூடாது, அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது. வந்த பணம் முழுதும் உங்களுக்கில்லை. மேனேஜர், கார்னரில் நின்று உதவுபவர்கள், ரத்தப் பரிசோதனை, பயணம் எல்லாம் போக மிச்சம்தான் வீட்டுக்கு.

பாஸ்போர்ட்டை இன்றைக்கே எடுத்து வையுங்கள். வெளிநாட்டு வாய்ப்பு பெரும்பாலும் சில வார அவகாசத்தில்தான் வரும். இங்கேதான் ஏரியா சண்டை காலை வாருகிறது. "ஃபைட்டர்தானே, கொஞ்சம் வந்து நில்லு" என்று கூப்பிடுகிறவர்கள் நம் பக்கத்தில் எப்போதும் உண்டு. கூட நின்றதற்கே வழக்கு விழும். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பாஸ்போர்ட் கிடைப்பது கஷ்டம். நாலு வருஷப் பயிற்சி ஒரே ராத்திரியில் போய்விடும். பவுன்சர் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே ஆபத்து இருக்கிறது, தூக்கமும் கெடுகிறது. காலையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சம்பாதிப்பது எவ்வளவோ மேல்.

கடைசியாக, எம்.எம்.ஏ.வை மட்டும் நம்பி மற்ற விளையாட்டை விட்டுவிடுவது. தனியார் போட்டியில் வாங்கிய பெல்ட்டைக் காட்டி அரசு வேலை கேட்க முடியாது. குத்துச்சண்டையிலோ மல்யுத்தத்திலோ ஜூடோவிலோ மாநில, தேசியப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நம் பக்கத்திலேயே இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.கூட விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்கிற இடம்தான். 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் ஜெயித்த முதல் இந்தியப் பெண்ணான பூஜா தோமரும் உஷூ என்ற சீனத் தற்காப்புக் கலையில் தேசியச் சாம்பியனாக இருந்துவிட்டுத்தான் அங்கே போனார். ஐ.சி.எஃப். அறிவிப்பு வரும்போது எந்தெந்த விளையாட்டுக்கு, எந்த நிலைச் சான்றிதழ், என்ன வயது வரம்பு என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த வருஷத்துப் போட்டிகளை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.