"இங்கே உனக்கு என்ன காரியம்?" தேவ சித்தம் தேடி மலையேறி வருகிறவர்களுக்கு

பதினேழு வருஷமாகக் கொடைக்கானலில் டாக்ஸி ஓட்டுகிறேன். சீசனில் புதுமணத் தம்பதிகள், காலேஜ் பசங்கள், குடும்பத்தோடு வந்து சாக்லேட் வாங்குகிறவர்கள். சீசன் முடிந்து மழையும் மஞ்சுமாகக் கிடக்கும் மாதங்களில் வேறொரு வகை ஆள் வருவார். தோளில் ஒரு பை, பைக்குள் வேதப்புத்தகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஏதாவது ஒரு தியான இல்லத்தில் மூன்று நாள் தங்கப் போகிறார். வண்டி ஊத்து தாண்டுவதற்குள் வாயைத் திறந்துவிடுவார். "அண்ணே, தேவ சித்தம் என்னன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்." வங்கியில் நல்ல வேலையில் இருப்பவர், பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு வீடு வெறிச்சோடிப்போன அம்மா, முப்பது வயதுக்குள் நாலு கம்பெனி மாறிய பையன் என்று ஆள்தான் வேறு. நான் எதுக்கு இருக்கேன் என்ற கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை, எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் கடைசி பெஞ்சு ஆள். ஆனால் ஏற்றிக்கொண்டு வருகிறவனும் நான்தான், மூன்று நாள் கழித்து இறக்கிவிடுகிறவனும் நான்தான் என்பதால் யார் கையில் எதையாவது பிடித்துக்கொண்டு இறங்குகிறார், யார் வந்த பாரத்தையே திரும்பச் சுமந்துகொண்டு போகிறார் என்று பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இ-பாஸ் போடுங்கள். சிரிக்காதீர்கள், 2024 மே 7-லிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும். செக்போஸ்ட்டில் நின்று போனில் தட்டிக்கொண்டிருந்தால் வந்த மனநிலையே கெட்டுவிடும்.

அப்புறம், மூன்று நாளுக்கும் ஒரே ஒரு அதிகாரம் போதும். 1 இராஜாக்கள் 19. நோக்கத்தைத் தொலைத்துவிட்டு மலைக்கு ஓடிய ஆளின் கதை வேதத்தில் இருக்கிறது என்றால் அது எலியா தீர்க்கதரிசியுடையதுதான். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றி, வானத்திலிருந்து அக்கினியே இறங்கியது. அடுத்த அதிகாரத்தில் யேசபேல் ராணி ஒரு மிரட்டல் அனுப்பியதும் வனாந்தரத்துக்கு ஓடி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என்னை எடுத்துக்கொள்ளும் என்கிறான். பெரிய ஊழியக்காரனுக்கே இப்படி.

அங்கே தேவதூதன் என்ன சொன்னான் என்று கவனியுங்கள். பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. எழுந்திருந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது (நம் தமிழ் வேதத்தில் அடை என்றேதான் இருக்கிறது, படிக்கும்போதெல்லாம் எனக்குப் பசிக்கும்). எலியா சாப்பிட்டான், தூங்கினான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதற்கப்புறம்தான் ஓரேப் மலைக்குப் பயணம்.

ஆகவே முதல் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம். உபவாசம் இருக்கத்தான் வந்தேன் என்பீர்கள். ஆறு மாதமாக ஒழுங்காகத் தூங்காத உடம்போடு உபவாசம் இருந்தால் கேட்பது தேவ சத்தமா, காலி வயிற்றின் சத்தமா என்று உங்களுக்கே தெரியாது. சுடச்சுடச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி எட்டு மணிக்கே கம்பளியைப் போர்த்திப் படுங்கள். இன்னொன்று, எலியா சொன்ன மாதிரி செத்துவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வாரக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தால் தியான இல்லத்துக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள். டெலி மானஸ் என்று அரசு உதவி எண் 14416 இருக்கிறது, காசில்லை, தமிழில் பேசலாம். அதை விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களிடம் அந்த அடையைக் காட்டுங்கள்.

இரண்டாம் நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து உங்கள் முறையீட்டை எழுதுங்கள். நாம் ஜெபத்தை ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்துப் பழகிவிட்டோம், அதனால் உள்ளே கிடப்பது வெளியே வருவதே இல்லை. ஆனால் ஓரேபில் கர்த்தர் முதலில் கேட்டது ஒரு கேள்வி. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" எலியா புலம்புகிறான். பக்திவைராக்கியமாய் இருந்தேன், நான் ஒருவன்தான் மீதி, என் உயிரையும் வாங்கத் தேடுகிறார்கள். பிறகு பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, கடைசியில் அமர்ந்த மெல்லிய சத்தம். இது எல்லாம் நடந்த பிறகும் அதே கேள்வி, அதே பதில், வார்த்தைக்கு வார்த்தை. கர்த்தர் அதட்டவில்லை. இரண்டு தடவையும் முழுசாகக் கேட்டார்.

நான் எழுதியதைச் சொல்கிறேன். பி.காம் முடித்திருக்கிறேன். கூடப் படித்தவன் பெங்களூரில் ஃபிளாட் வாங்கிவிட்டான், இன்னொருத்தன் துபாய். நான் மூஞ்சிக்கல் பக்கம் மழையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டீயை ஒரு மணிநேரம் குடிக்கிறேன். வாலிபர் கூட்டத்தில் கை தூக்கி அர்ப்பணித்தவன் நான், முழுநேர ஊழியத்துக்குப் போகவில்லை, அதனால்தான் இப்படியோ என்ற பயம் வேறு. இரண்டரைப் பக்கம் வந்தது. எழுதி முடித்துப் படித்தபோது பாதிக்கு மேல் அடுத்தவன் வாழ்க்கையைப் பற்றியே இருந்தது. அதை நோட்டில் பார்க்காமல் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

அந்த முழுநேர ஊழிய விஷயத்தை இங்கேயே பேசிவிடலாம், ஏனென்றால் நம் சபைகளில் பாதிப் பேரை இதுதான் அரிக்கிறது. அழைப்பு இருக்கிறவர் போகட்டும், நல்லது. ஆனால் மற்றவர்கள் எல்லாம் இரண்டாந்தரம் என்று வேதத்தில் எங்கும் இல்லை. செருப்பு தைக்கிறவனுக்கும் பால் கறக்கிறவளுக்கும் அவரவர் வேலையே தேவ அழைப்பு என்று பதினாறாம் நூற்றாண்டிலேயே சபையைச் சீர்திருத்திய லூத்தர் போதித்தார். பவுலே கூடாரம் தைத்துத்தான் சாப்பிட்டார். உங்களுக்கு ஒரு பெரிய ஊழியம் காத்திருக்கிறது, காணிக்கை அனுப்புங்கள், தீர்க்கதரிசனமாய்ச் சொல்கிறேன் என்று யாராவது போன் பண்ணினால் வைத்துவிடுங்கள்.

புது வருஷ ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை சிலர் பர்ஸிலேயே வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எரேமியா 29:11. உங்கள்மேல் நான் நினைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்ற வசனம். ஒரு வசனம் மேலே போய்ப் பாருங்கள், எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கும். சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது, அதை அங்கே வாசிக்கக் கேட்டவர்களில் பெரியவர்கள் அநேகர் ஊர் திரும்பும் நாளைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அதுவரை என்ன செய்வது? அதுவும் மேலேயே இருக்கிறது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். பூம்பாறைப் பக்கம் பூண்டு போடுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள்தான் விஷயம். ஓரேபில் எலியாவுக்குக் கிடைத்த பதில், திரும்பிப் போ. வந்த வழியே, தமஸ்குவின் வனாந்தரத்துக்கு. போய் மூன்று பேரை அபிஷேகம்பண்ணு: ஆசகேல், யெகூ, எலிசா. ஏழாயிரம் பேர் பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காமல் மீதி இருக்கிறார்கள் என்ற செய்தியும் கூடவே வந்தது, நான் ஒருவன்தான் என்றவனுக்கு. இதில் "உன் வாழ்க்கையின் நோக்கம்" என்று ஒரு பெரிய வாக்கியம் எங்கேயாவது இருக்கிறதா? மூன்று பெயர்தான் இருக்கிறது. நீங்களும் நோட்டில் மூன்று பெயரை எழுதுங்கள். அப்பாவாக இருக்கலாம், ஆபீஸில் யாரும் பேசாத அந்த ஒருவராக இருக்கலாம், ஞாயிறு பள்ளியில் அடங்காத பையனாக இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்த மாதம் செய்யக்கூடிய ஒரு வேலை. நாலாவது பெயர் வேண்டாம், நமக்கு ஆசை அதிகம்.

நான் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. அந்த மூவரில் எலியா நேரடியாகப் போய் அழைத்தது எலிசாவை மட்டும்தான். ஆசகேலிடம் நீ ராஜாவாவாய் என்று சொன்னது பின்னால் வந்த எலிசா. யெகூவை அபிஷேகம்பண்ணியது எலிசா அனுப்பிய ஒரு வாலிபன். கர்த்தர் நேரில் கொடுத்த வேலையிலேயே மூன்றில் இரண்டு அடுத்தவர் கையில்தான் முடிந்தது, அதற்காக எலியாவை யாரும் தோற்றவன் என்று சொல்வதில்லை. வயதாகிவிட்டது, இனி என்ன முடியும் என்று கேட்கிற அம்மாக்களுக்கு நான் இந்த இடத்தைத்தான் சொல்வேன்.

மலைக்கே வராமல் பதில் கிடைத்தவர்களும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். மிஷனரிக் குடும்பம், ஆனால் தான் மிஷனரியாகக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். நோயாளித் தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள், மூன்று பேர் வீட்டிலும் மனைவிக்குப் பிரசவம் சிக்கல். அப்பா டாக்டர், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீ வா என்றார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அவர் அமெரிக்கா போய் 1899-ல் டாக்டராகித் திரும்பி வந்தார், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஓய்வுக்காலத்தைக் கழித்தது இங்கே எங்கள் கொடைக்கானலில், 1960-ல் இறந்ததும் இங்கேதான். அவர் நோக்கத்தைத் தேடிப் போகவில்லை, அது கதவைத் தட்டியது. பெரும்பாலும் அது அகால நேரத்தில்தான் தட்டும் என்று நினைக்கிறேன்.

என் வீட்டிலும் தட்டியது, ராத்திரி ரெண்டு மணிக்கு. பக்கத்துத் தெருக் குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். முனகிக்கொண்டேதான் எழுந்தேன். டம் டம் பாறை வரை மஞ்சு, முன்னால் போனட்டே தெரியவில்லை, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தே ஓட்டினேன். பின் சீட்டில் அந்தத் தாய் குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். குழந்தை பிழைத்தது. டீசல் காசு வாங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் நோட்டில் என் மூன்று பெயரில் ஒன்றை அடித்துவிட்டு "எங்கள் தெரு, ராத்திரி" என்று எழுதினேன். இப்போது தெருவில் பல வீட்டுச் சுவரில் என் நம்பர் இருக்கிறது. இதனால் ஃபிளாட் வாங்கிய நண்பன்மேல் பொறாமை போய்விட்டதா என்றால், குறைந்திருக்கிறது.

வீட்டுக்குப் போனபின் இது நிலைக்க வேண்டுமென்றால் தினமும் பத்து நிமிஷம் வேண்டும். செண்பகனூரில் 1895-லிருந்து இயேசு சபையார் இருக்கிறார்கள், அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆத்தும சோதனை என்று ஒரு பழக்கம். கத்தோலிக்கர் வழக்கம் என்று முகம் சுளிக்காதீர்கள், நான் கற்றுக்கொண்டு எட்டு வருஷம் ஆகிறது. ராத்திரி எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்து அன்றைய பொழுதைப் பின்னோக்கி அல்ல, காலையிலிருந்து வரிசையாக, சவாரி சவாரியாக மனதில் ஓட்டிப் பார்ப்பேன். எங்கே நன்றி வந்தது, எங்கே எரிந்து விழுந்தேன், எங்கே தேவன் பக்கத்தில் இருந்தும் பார்க்காமல் விட்டேன், நாளைக்கு யார். முதல் ஒரு வாரம் தூக்கம்தான் வரும். வரட்டும். ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் சில இடங்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கும், உங்களுக்கு உயிர் வருகிற இடங்கள் அவைதான், அதைப் போதகரிடமோ நம்பகமான ஒரு மூத்தவரிடமோ காட்டிப் பேசுங்கள். தனியாக முடிவெடுத்து வேலையை விடாதீர்கள்.

கிளம்புகிற அன்று மூன்று பெயரில் ஒருவருக்கு மேலேயிருந்தே போன் பண்ணிவிடுங்கள். கீழே இறங்கினால் மெசேஜ் கொட்ட ஆரம்பித்து மறந்துபோகும். இறங்கும்போது முன் சீட்டில் உட்காருங்கள், வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வளைவுகளில் போனைப் பார்க்காதீர்கள். வாந்தி வராது.