அக்ரிமென்ட் முடியும் முன்பே வீடு மாறலாமா? முடிவெடுக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னை வில்லிவாக்கத்தில் வீடு, சோழிங்கநல்லூரில் ஆபீஸ். பைக்கில் ஒரு வழிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். ஒரு நாள் ராத்திரி வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கிப் போயிருந்தாள். அந்த வாரம் முழுக்கக் காலை அவசரத்தில் மட்டுமே அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் 11 மாத அக்ரிமென்ட்டில் நான்கு மாதம்தான் முடிந்திருந்தது.

அப்போது நான் என்னென்ன பார்த்தேன், எப்படிக் கணக்குப் போட்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். தொகைகள் என்னுடையவை. அவற்றை எடுத்துவிட்டு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. இரண்டு வாரம் நேரத்தைக் குறித்து வையுங்கள்

"ரெண்டு மணி நேரம் ஆகுது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது கணக்குக்கு உதவாது. வாசலில் வண்டியை எடுக்கும் நேரத்தையும், ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்தும் நேரத்தையும் போனில் எழுதி வையுங்கள். எனக்குச் சராசரியாகக் காலையில் 75 நிமிடம், சாயங்காலம் 100 நிமிடம் வந்தது.

இதில் ஒரு வாரம் மட்டும் காலை 6.45-க்கே கிளம்பிப் பாருங்கள். எனக்கு 55 நிமிடத்தில் போக முடிந்தது. ஷிப்டை முன்னால் தள்ளிக்கொள்ள ஆபீஸில் சம்மதித்தால், வீடு மாறாமலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எங்கள் டீமில் சாயங்காலம் போன் மீட்டிங்குகள் இருந்ததால் எனக்கு அது நடக்கவில்லை. ஆபீஸோ புராஜெக்டோ வேறு இடத்துக்கு மாறப்போகிறதா என்பதையும் மேனேஜரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

2. அக்ரிமென்ட்டை எடுத்து மூன்று வரிகளைத் தேடுங்கள்

ஒன்று, லாக்-இன் எத்தனை மாதம். அதற்கு முன்னால் காலி செய்தால் மீதி மாத வாடகையைக் கட்ட வேண்டும் என்று இருக்கும். இரண்டு, நோட்டீஸ் எத்தனை மாதம். மூன்று, அட்வான்ஸில் எதையெல்லாம் கழிப்பார்கள். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைப் பிடிப்பது சென்னையில் சாதாரணம்.

என் அக்ரிமென்ட்டில் லாக்-இன் 6 மாதம், நோட்டீஸ் 2 மாதம். முதலில் படித்தபோது இரண்டையும் கூட்டிப் பயந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது: நான்கு மாதம் முடிந்த அன்றே நோட்டீஸ் கொடுத்தால், நோட்டீஸ் முடியும் நாளில் லாக்-இன்னும் முடிந்துவிடும். லாக்-இன் முடிந்த பிறகுதான் நோட்டீஸே கொடுக்கலாம் என்று சில அக்ரிமென்ட்டுகளில் எழுதியிருப்பார்கள். அந்த வரி இருக்கிறதா என்று கவனமாகப் பாருங்கள்.

3. எந்தச் செலவு முன்கூட்டியே மாறுவதால் வருகிறது?

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். புரோக்கர் கமிஷன், வேன் கூலி, பெயிண்டிங் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டி, "அடேயப்பா, ஐம்பதாயிரமா!" என்று மலைத்து, யோசனையையே விட்டுவிடுகிறார்கள். அக்ரிமென்ட் முடிந்ததும் எப்படியும் மாறத்தான் போகிறீர்கள் என்றால், அந்தச் செலவெல்லாம் அப்போதும் வரத்தான் போகிறது. அவசரப்படுவதால் கூடுதலாக என்ன போகிறது என்பதை மட்டும் தனியே எழுதுங்கள். கிடைக்கும் பலனையும் அக்ரிமென்ட்டில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு மட்டும் கணக்கிடுங்கள்.

என் கணக்கு இது. பழைய வீட்டு வாடகை 14,000 ரூபாய். ஆபீஸ் பக்கம் பெரும்பாக்கத்தில் பார்த்த வீடு மெயின்டனன்ஸோடு 18,000. மாதம் 4,000 கூடுதல். பெட்ரோலிலும் பைக் சர்வீஸிலும் சுமார் 2,650 மிச்சமாகும். ஆக, கையிலிருந்து மாதம் 1,350 ரூபாய் அதிகமாகப் போகும். பணத்தை மட்டும் பார்த்தால் நஷ்டம்தான்.

நேரத்துக்கு வருவோம். புது வீட்டிலிருந்து போக 20, வர 20 நிமிடம். ஒரு நாளைக்கு 135 நிமிடம் மிச்சம். 22 வேலை நாளுக்குக் கிட்டத்தட்ட 50 மணி நேரம்.

இப்போது இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

உடனே கிளம்பினால், பழைய வீட்டுக்கு இரண்டு மாத வாடகை 28,000 வீணாகும். அந்த இரண்டு மாதக் கூடுதல் செலவு 2,700. மொத்தம் 30,700 கொடுத்து நான் முன்கூட்டிப் பெறுவது 100 மணி நேரம். மணிக்கு 307 ரூபாய்.

நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பொறுத்துக் கிளம்பினால் அபராதமே இல்லை. மிச்ச 5 மாதத்துக்குக் கூடுதல் செலவு 6,750. கிடைப்பது 250 மணி நேரம். மணிக்கு 27 ரூபாய்.

இதைப் பார்த்ததும் மனசு தெளிந்துவிட்டது. மகளோடு இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு 27 ரூபாய் கொடுக்க நான் யோசிக்கவே மாட்டேன். 307 ரூபாய்க்கு அந்த மாதம் கையில் காசில்லை. முழங்கால் வலியோ கர்ப்பமோ உள்ளவர்களுக்கு 307-கூட மலிவாகத் தெரியலாம். அது அவரவர் வீட்டு நிலைமை.

வீட்டில் இருவரும் வேலைக்குப் போனால் இருவர் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். நண்பர் ஒருவர் தன் ஆபீஸுக்குப் பக்கத்தில் மாறினார். அவர் மனைவிக்கு வேலை அங்கிருந்து வெகு தூரத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில். அலைச்சல் அப்படியே அந்தம்மா தலைக்கு மாறியது, அவ்வளவுதான்.

4. புது ஏரியாவில் தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள்

சோழிங்கநல்லூர் வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வருபவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகளில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வெள்ளம் புகுந்தது. புரோக்கரிடம் கேட்காதீர்கள். வாட்ச்மேனிடமும், தெருமுனை மளிகைக் கடையிலும், "மிக்ஜாம் அப்போ தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டுக்குப் பக்கத்தில் கடைக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் ஐஸ்கிரீம் பெட்டியின் மேல்விளிம்பைக் கையால் தட்டிக் காட்டினார். தரைத்தள வீடு அது, அதோடு விட்டுவிட்டேன்.

போர்வெல் தண்ணீர் உப்பா, மாதம் எத்தனை லாரி தண்ணீர் வாங்குகிறார்கள், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடக்கமா என்பதையும் கேளுங்கள். கோடையில் இந்தத் தொகை ஏறும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீங்கள் பார்த்து வைத்த புது வீட்டு வாசலிலிருந்து ஆபீஸுக்கு ஒருமுறை வண்டி ஓட்டிப் பாருங்கள். மேப்பில் 5 கிலோமீட்டர் என்று இருந்தாலும் சிக்னலில் நிற்கும் நேரம் வேறு.

5. ஓனரிடம் நேரில் பேசுங்கள், பிறகு எழுத்தில் கொடுங்கள்

போனில் சொல்லாதீர்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலை போய் உட்கார்ந்து, "சார், ஆபீஸ் ரொம்ப தூரமா இருக்கு, பாப்பாவைப் பார்க்கவே முடியல. மே கடைசியில காலி பண்ணிக்கிறோம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த ஆள் வந்தாத்தானேப்பா அட்வான்ஸ் குடுக்க முடியும்" என்றார். பல வீடுகளில் நிலைமை அதுதான். நம் அட்வான்ஸ் எப்போதோ செலவாகியிருக்கும். அதனால் ஆள் பார்த்துத் தர நானே முன்வந்தேன்.

மாதமும் முக்கியம். ஆடியிலும் மார்கழியிலும் பலர் புது வீட்டுக்குக் குடிவர மாட்டார்கள். மே கடைசியில் பள்ளி திறப்பதற்கு முன் வீடு தேடுபவர்கள் நிறைய இருப்பார்கள். வீடு எப்போது காலியாகும் என்பதை இதை வைத்துத் திட்டமிட்டால் ஓனருக்கும் கஷ்டமில்லை.

பேசி முடித்த அன்றே தேதி போட்டு வாட்ஸ்அப்பிலும் கடிதமாகவும் நோட்டீஸ் கொடுத்துவிடுங்கள். சட்டம் தெரிந்திருப்பதும் நல்லது. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். இதைச் சண்டைக்குப் பயன்படுத்தாமல், தேதி பேசும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. கடைசி நாள்

சாமான் ஏறிய பிறகு காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள். குழாய், சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் தெரியட்டும். மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பதால், மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, அதுவரையிலான யூனிட்டுக்கு அன்றே பணம் கொடுத்து முடித்துவிடுங்கள். சாவியைக் கொடுக்கும்போது மீதி அட்வான்ஸ் எந்தத் தேதியில் வரும் என்று ஓனர் கையாலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள்.