கூகுள் கணக்கு பூட்டிக்கொண்டதா? முதலில் போனைக் கீழே வையுங்கள்

என் செல்போன் சர்வீஸ் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், போன வாரம் ஒரு அம்மாவின் போனை வாங்கியதும் நேராக ரீசெட் மெனுவுக்குப் போனான். அவர் மறந்தது ஜிமெயில் பாஸ்வேர்டை மட்டும்தான். ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினேன். 2018-இல் நானும் அதைத்தான் செய்தேன். எழுத்துப்பிழை, கேப்ஸ் லாக் எல்லாம் உங்களுக்கே தெரியும்; பாஸ்வேர்டு மறந்தவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

போனை ரீசெட் அடிப்பது

"ரீசெட் அடிச்சா சரியாயிடும்" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டாலே எரிச்சல் வருகிறது. பாஸ்வேர்டு சரியா தவறா என்று பார்ப்பது கூகுள் சர்வர். ரீசெட் அடித்தால் அங்கே ஒன்றும் மாறாது. அழிவது, கணக்கு உங்களுடையதுதான் என்பதற்கு இருந்த சாட்சி. கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கும் போனில் "நீங்கள்தானா?" என்று திரையில் கேட்கும்; ஆம் என்று தொட்டால் வேலை முடியலாம். பல சமயம், திரைப்பூட்டின் பேட்டர்னைப் போட்டாலே புது பாஸ்வேர்டு வைக்க விடுகிறது.

நான் கெடுத்தது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் போன். வால்யூம், பவர் பட்டன்களை அழுத்திப் பிடித்து அழித்தேன். ஆண்ட்ராய்டு 5.1-இலேயே வந்துவிட்ட திருட்டுத் தடுப்புப் பூட்டைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை. போன் எழுந்ததும், முன்பு அதில் இருந்த கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டது. அவர் மறந்த அதே பாஸ்வேர்டு! கணக்கை மீட்கக் குறியீடு வரவேண்டிய மீட்பு எண்ணோ, அந்த வருடம் சேவையே நின்றுபோன கம்பெனியுடையது. பேத்தியின் படங்களெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து, "படம் மட்டும் வந்தா போதும் தம்பி" என்றார். வரவில்லை.

வேறு இடத்திலிருந்து முயல்வது

நீங்கள் வழக்கமாகப் புழங்கும் போன், அதே பிரவுசர், வீட்டு வைஃபை. கணக்கை மீட்க முயலும்போது இந்த மூன்றையும் கூகுள் பார்க்கிறது. பிரவுசிங் சென்டருக்கு ஓடாதீர்கள். என் கடைக்கும் வேண்டாம்.

கேள்விகளைத் தாண்டிப் போவது

கணக்கு மீட்பின்போது கூகுள் சில கேள்விகள் கேட்கும். கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டால், பழையதாக இருந்தாலும் போடுங்கள். தவறான ஊகம் என்பதற்காக உங்களை வெளியே தள்ளமாட்டார்கள்.

பொறுமை இழப்பது

கூகுள் சில நாள் காத்திருக்கச் சொன்னால், காத்திருங்கள்.

கஸ்டமர் கேர் எண் தேடுவது

கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று ஓடிபியோ பணமோ கேட்பவன் கூகுள் ஆள் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

திறந்ததும் அப்படியே விட்டுவிடுவது

மீட்பு எண்ணை அன்றைக்கே சரிபாருங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் எண், துண்டிக்கப்பட்டு 90 நாள் கழிந்தபின் வேறொருவர் கைக்குப் போகலாம். அப்புறம், இரட்டைச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்பது) ஆன் செய்து, போன் கையில் இல்லாதபோது உதவும் பேக்கப் குறியீடுகளை எடுங்கள். மொத்தம் 10, ஒவ்வொன்றிலும் 8 இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அதைப் போனிலேயே படமாக வைத்துக்கொண்டால் போன் தொலையும் அன்று என்ன செய்வீர்கள்? காகிதத்தில் எழுதுங்கள்.

அந்த அம்மா வீட்டுக்குப் போய், மகன் பக்கத்தில் இருக்க, பேட்டர்ன் போட்டே திறந்துவிட்டார். குறியீடுகள் இப்போது ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கின்றன.